ஊசியைத் திருகும் முன்: மொடல் எஞ்சின் காபுரேட்டர் பற்றிய வாசகர் கேள்வி – பதில்

சிறு மொடல் எஞ்சின்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வளியையும் எரிபொருளையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபுரேட்டர் மீதே குறை கூறியிருந்தன. பிறருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தெரிந்தெடுத்து இங்கே விடை தருகிறோம். தனியாகக் குறிப்பிடாத இடங்களிலெல்லாம், மெதனோலும் எண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடுகின்ற, குளோ பிளக் (சிவந்த கம்பிச்சுருளால் எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்) பொருத்திய இரண்டடிப்பு எஞ்சினையே குறிப்பிடுகிறோம் எனக் கொள்க.

கேள்வி: ஐயா, என்னிடம் 3.5 சீசீ எஞ்சின் பூட்டிய மொடல் வேகப்படகு ஒன்று உள்ளது. கரையோரத் தண்ணீரில் கையால் பிடித்துக்கொண்டு முழுவேகம் கொடுத்தால் மிக அழகாக இரைகிறது. வாவியில் விட்டால் சிறிது தூரம் சீறிச் சென்று, பிறகு சட்டென்று நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் யாருடையதாவது தோணியைக் கேட்டு வாங்கித்தான் போய் எடுத்துவர வேண்டியுள்ளது. ஊசியை எந்தப் பக்கம் திருக வேண்டும்? (வாசகர், கல்லடி)

பதில்: எரிபொருளின் அளவை மட்டுப்படுத்தும் அந்த ஊசியை இடஞ்சுழியாக, அதாவது திறக்கும் பக்கமாக. ஆனால் அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள்.

காபுரேட்டரின் கழுத்துப் பகுதி ஒடுங்கியிருப்பதால் அதனூடாகப் போகும் வளியின் வேகம் கூடி, அவ்விடத்தில் அமுக்கம் குறைகிறது. அந்தக் குறைந்த அமுக்கமே எரிபொருளைத் தாங்கியிலிருந்து இழுத்து, ஊசியின் அருகேயுள்ள நுண்துளை வழியாகத் தூவச் செய்கிறது. இந்த இழுவை மிகவும் பலவீனமானது. ஆகவே வழியில் எங்காவது ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தாலும் எரிபொருளுக்குப் பதிலாக வளியே உள்ளே வரும். துளை விழுந்த உறிஞ்சுகுழலால் இளநீர் குடிக்க முயல்வது போன்ற நிலைதான். ஊசியை எந்தப் பக்கம் திருகினாலும் அந்தக் குறை தீராது. இன்றைக்குச் சரிபோலத் தோன்றி நாளைக்கு மீண்டும் கெடும்.

எனவே முதலில் எரிபொருள்க் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாய்க்குள் குமிழிகள் தொடர்ச்சியாக ஓடினால், குழாயில் துளை இருக்க வேண்டும், அல்லது தாங்கிக்குள் இருக்கும் இழுகுழாய் வெடித்திருக்க வேண்டும், அல்லது அதிர்வினால் தாங்கியிலுள்ள எரிபொருள் நுரைத்திருக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் புதுக் குழாய் போடுவதே தீர்வு. மூன்றாவதற்குத் தாங்கியைச் சுற்றி மென்மையான பஞ்சு றப்பர் வைத்து, படகின் உடலில் நேரடியாக முட்டாதபடி அமர்த்துங்கள். தாங்கியின் நடுமட்டம் காபுரேட்டரின் தூவுதுளை மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருப்பது நல்லது. மிகத் தாழ்ந்திருந்தால், தாங்கியில் எரிபொருள் குறையக் குறையக் கலவையும் மெலிந்துகொண்டே (வளிக்குப் போதிய எரிபொருள் இல்லாமல்) போகும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், உங்களைக் கெடுப்பது கரையில் கேட்டு மகிழ்கின்ற அந்த அழகான இரைச்சலேதான். படகைக் கையால் பிடித்திருக்கும்போது விசிறி தண்ணீரை முழுப் பாரத்துடன் தள்ளுகிறது. எஞ்சினால் அதன் உச்ச வேகத்தை எட்ட முடிவதில்லை. படகு விடுபட்டு நீர்மட்டத்தின் மேலே எழும்பி ஓடத் தொடங்கியதும் பாரம் குறைந்து, சுழற்சி வேகம் ஏறுகிறது. நிமிடத்துக்கு உள்ளிழுக்கும் வளி கூடுகிறது. தேவையான எரிபொருளும் கூடுகிறது. கரையிலேயே கடைசி அளவுவரை மூடி வைத்த ஊசியிடம் கொடுப்பதற்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை. கலவை மெலிகிறது, வெப்பம் ஏறுகிறது, எஞ்சின் நிற்கிறது. நின்றுவிடுவதுகூட அதிர்ஷ்டம்தான். நிற்காமல் அப்படியே ஓடினால், மசகெண்ணெயும் எரிபொருளோடு சேர்ந்தே வருவதால், எரிபொருள் குறையும்போது எண்ணெயும் குறைந்து பிஸ்டனும் உருளையும் உராய்ந்து பாழாகும்.

முழுவேக ஊசியை மெதுவாக முற்றாக மூடி, அங்கிருந்து இரண்டரைச் சுற்றளவு திறந்து தொடங்குங்கள். எஞ்சினுடன் வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கரையில் முழுவேகத்தில் அது கனமாக, விட்டுவிட்டுக் குழறுகின்ற ஒலியுடன், வெள்ளைப் புகை தள்ளி ஓட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் எரிய வேண்டிய எஞ்சின், எரிபொருள் மிகுந்திருப்பதால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிவதனால் எழும் ஒலி அது. படகை விட்டு ஒரு வட்டம் ஓட்டிப் பாருங்கள். நடுத் தண்ணீரிலும் குழறிக்கொண்டே போனால், கரைக்கு எடுத்து எட்டிலொரு சுற்று மூடுங்கள். இப்படியே செய்து, படகு எழும்பி ஓடும்போது குழறல் நீங்கித் தெளிவான ஒற்றை இரைச்சலாக மாறுகின்ற, ஆனால் பின்னால் மெல்லிய புகைக்கோடு இன்னும் தெரிகின்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலும் மூடினால் சிறிது வேகம் கூடக் கிடைக்கும்தான். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

கரைக்கு வந்தவுடன் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். அதன் கம்பிச்சுருள் பளபளப்பாக, எண்ணெய் ஈரத்துடன் இருந்தால் கலவை சரி. கம்பி சாம்பல் பூத்துச் சொரசொரப்பாகவோ வளைந்து நெளிந்தோ இருந்தால் ஊசியை இன்னும் திறக்க வேண்டும். இன்னொன்றையும் மறவாதீர்கள்: குளிரூட்டும் நீர் வெளியேறும் துளையிலிருந்து தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். ஆற்றுவாழையின் வேர்த் துணுக்கோ பாசியோ உறிஞ்சும் வாயில் அடைத்தால் எஞ்சின் சூடேறி நிற்கும். அறிகுறி அப்படியே மெலிந்த கலவையைப் போலவே இருக்கும். படகைத் தண்ணீருக்கு வெளியே தூக்கி வைத்து முழுவேகம் கொடுத்துச் சோதிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். பாரமின்றிச் சுழலும் எஞ்சின் சில நொடிகளிலேயே தன்னை உடைத்துக்கொள்ளும்.

கேள்வி: என்னுடைய காபுரேட்டரில் இரண்டு ஊசிகள் உள்ளன. நண்பருடையதில் ஓர் ஊசியும், முன்புறம் சிறு துளையொன்றும், அதற்கு ஒரு ஸ்குறூவும் உள்ளன. அவர் சொல்லும் பக்கம் திருகினால் எனக்கு நேர்மாறாக நடக்கிறது. எதை முதலில் சரிசெய்வது? (வாசகர், கல்முனை)

பதில்: இருவரும் சரியாகத்தான் செய்கிறீர்கள், இருவரிடமும் இருப்பது ஒரே அமைப்பு அல்ல.

உங்களுடையதில் இரண்டாவது ஊசி, குறைந்த வேகத்துக்கான எரிபொருளையே மட்டுப்படுத்துகிறது. அதை வலஞ்சுழியாகத் திருகினால் எரிபொருள் குறையும். நண்பருடைய ஸ்குறூவோ, எரிபொருளை அல்ல, குறைந்த வேகத்தில் சேர்கின்ற வளியை மட்டுப்படுத்துகிறது. அதை வலஞ்சுழியாகத் திருகினால் வளித்துளை அடைபட்டு, எரிபொருள் மிகுந்த கலவையாகிறது.

வரிசையில் மட்டும் இரண்டுக்கும் வேறுபாடில்லை. முழுவேக ஊசியே எப்போதும் முதலில். குறைந்த வேகத்துக்குப் போகும் எரிபொருளும் அந்த வழியாகவே வருவதால், முன்னதை மாற்றினால் பின்னதும் மாறிவிடும். பின்னதிலிருந்து தொடங்குபவர் இரண்டுக்கும் இடையே மாறிமாறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதற்கும் முன்னர், ரிமோட்டில் நெம்புகோலை முழுவதும் தள்ளும்போது காபுரேட்டரின் உருளை (வளி செல்லும் வழியைத் திறந்து மூடும் சுழல் பாகம்) முற்றாகத் திறக்கிறதா என்றும், முழுவதும் இழுத்து, அதன் பக்கத்திலுள்ள நுண்சீராக்கியான ட்ரிம்மையும் இறக்கும்போது முற்றாக மூடுகிறதா என்றும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ரிமோட்டின் கட்டளைப்படி உருளையை அசைக்கும் சேர்வோவின் கம்பி அரைகுறையாக இழுக்கும் எஞ்சினை ஊசிகளால் சரிசெய்ய முடியாது.

முழுவேகம் சரியானதும் எஞ்சினைச் சூடாகவே குறைந்த வேகத்துக்கு இறக்கி, அரை நிமிடமளவு ஓடவிட்டு, பிறகு நெம்புகோலை ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். உடனே ஏறாமல் இருமி, புகை கக்கி, தயங்கித் தயங்கி ஏறினால் குறைந்த வேகத்தில் எரிபொருள் கூடுதல். இருமலே இன்றிப் பட்டென்று நின்றால் எரிபொருள் போதாது. உங்களுடையதில் இரண்டாவது ஊசியை ஒரு தடவைக்கு எட்டிலொரு சுற்றுக்கு மேல் திருக வேண்டாம். ஐயம் இருந்தால், குறைந்த வேகத்தில் ஓடும்போது எரிபொருள்க் குழாயை விரலால் நசுக்கிப் பிடியுங்கள். மூன்று நான்கு நொடி தாக்குப்பிடித்து, சற்று வேகமெடுத்து, பிறகு நின்றால் அமைப்பு நன்று. நசுக்கியவுடன் நின்றால் மெலிந்தது. நெடுநேரம் ஓடி வேகம் மிகவும் ஏறினால் கொழுத்தது, அதாவது எரிபொருள் கூடுதல். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பறக்கும் சில்லிலிருந்து (flywheel) விரலும் சட்டைக் கையும் விலகியிருக்கட்டும்.

கேள்வி: வேகம் கூடட்டும் என்று சைலன்சரைக் கழற்றிவிட்டேன். இப்போது எஞ்சின் அரைத் தாங்கியிலேயே நின்றுவிடுகிறது. (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: சைலன்சரிலிருந்து தாங்கிக்கு ஒரு சிறு குழாய் போய்க்கொண்டிருந்ததைக் கவனித்திருப்பீர்கள். புகையின் அமுக்கம் அக்குழாய் வழியே தாங்கிக்குள் சென்று எரிபொருளைக் காபுரேட்டரை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. அது போனதால் எரிபொருள் குறைந்துவிட்டது. மீண்டும் பூட்டுங்கள். கல்லடிப் பாலத்தில் நின்று பாடுமீன் கேட்கக் காத்திருப்பவர்களுக்கும் அது நீங்கள் செய்யும் உதவியாக இருக்கும்.

கேள்வி: நைத்திரோமெதேன் கூடிய எரிபொருள் போட்டால் வேகம் கூடுமா? (வாசகர், காரைதீவு)

பதில்: கூடும். அதன் மூலக்கூறிலேயே ஒட்சிசன் இருப்பதால் அதே வளியில் அதிக எரிபொருளை எரிக்க முடியும். அதனாலேயே ஊசியையும் கூடுதலாகத் திறக்க வேண்டிவரும். பொழுதுபோக்குக்கு ஓட்டும் படகுக்கு 10 முதல் 15 சதவீதம் போதுமானது.

கேள்வி: மாரி தொடங்கியதும் படகை அலுமாரி மேல் வைத்துவிட்டேன். மழை விட்டதும் எடுத்துப் பார்த்தால் காபுரேட்டர் உருளை அசையவே இல்லை, எஞ்சினும் இறுகியிருக்கிறது. குறட்டினால் பிடித்துத் திருப்பலாமா? (வாசகர், கோட்டைக்கல்லாறு)

பதில்: குறட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இறுகியிருப்பது பெரும்பாலும் உலோகம் அல்ல, எரிபொருளிலிருந்த ஆமணக்கெண்ணெய். மெதனோல் ஆவியான பிறகு அது பிசினாகிக் காய்ந்து, உருளையைச் சுற்றித் தேன்நிற மெருகாக ஒட்டிக்கொள்கிறது. தலைமயிர் உலர்த்தியினால் எஞ்சினைச் சில நிமிடங்கள் சூடாக்கி, பிளக் துளையிலும் காபுரேட்டர் வாயிலும் சில துளி மெல்லிய எண்ணெய் விட்டு, பொறுமையாக முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் இளகிவிடும். சூடாக்குவதற்கு முன் தாங்கியைக் கழற்றி அறைக்கு வெளியே வைத்திருங்கள்.

இளகிய பின் காபுரேட்டரைத் தனியே கழற்றுங்கள். ஊசிகளைக் கழற்றும் முன் ஒவ்வொன்றையும் மெதுவாக மூடி, எத்தனை சுற்றில் மூடியது என்பதைத் தாளில் குறித்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது தடுமாற வேண்டியதில்லை. மூடும்போது அழுத்தி இறுக்கினால் ஊசிமுனையில் வளையம் போலப் பள்ளம் விழும். அந்த ஊசி பின்னர் நுண்ணிய அளவுக்குக் கீழ்ப்படியாது. உருளையைப் பிடித்திருக்கும் சிறு ஸ்குறூவைக் கழற்றினால் உருளை நெம்புகோலுடன் வெளியே வரும். றப்பர் வளையங்களையும் றப்பர் உறையையும் எடுத்து வேறாக வையுங்கள். உலோகப் பாகங்களை மட்டும் மெதனோலில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்க்கலாம். அசிற்றோன் இன்னும் விரைவாகக் கரைக்கும். ஆனால் மறந்து ஒரு றப்பர் வளையத்தை அதில் போட்டுவிட்டால் அது ஊதிப் பயனற்றதாகிவிடும்.

தூவுதுளையில் அழுக்கு இருந்தால் குண்டூசியோ கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை ஓர் இம்மியளவு பெருத்தாலும் ஊசியின் எந்த நிலையும் பொருந்தாது போகும். நம் பகுதியில் எந்த வலைக்காரரிடமும் கிடைக்கும் தங்கூசி (நைலோன் இழை) துண்டு ஒன்றை அதற்குள் விட்டு இழுத்து, சைக்கிள் பம்பினால் ஊதினால் போதும். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்கும்போது துளை ஒழுங்கான வட்டமாகத் தெரிய வேண்டும்.

பூட்டும்போது காபுரேட்டரின் அடிக்கழுத்திலுள்ள ஓ-ரிங் எனும் றப்பர் வளையத்தை விரல்களுக்கிடையில் நசுக்கிப் பாருங்கள். பிசைந்தால் இணங்க வேண்டும். தட்டையாகி, கடினமாகி, வெடிப்பு விட்டிருந்தால் புதிது போடுங்கள். குறைந்த வேகம் ஒரு நாள் ஏறி ஒரு நாள் இறங்கி அலைக்கழிப்பதற்கு, எந்த ஊசியையும்விட இந்த ஒரு வளையமே அதிகமாகக் காரணமாகிறது. எஞ்சின் குறைந்த வேகத்தில் ஓடும்போது அந்தக் கழுத்தில் ஒரு துளி எண்ணெய் விட்டுப் பாருங்கள். ஓட்டம் மாறினால் வளி அவ்வழியே நுழைகிறது.

அடுத்த மாரிக்கு முன்னராவது, வைக்கும் நாளில் தாங்கியை வடித்து, எஞ்சினில் எஞ்சிய எரிபொருள் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, காபுரேட்டர் வாயில் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் ஊற்றிச் சில தடவை சுற்றிவிடுங்கள். மொடல் எஞ்சினுக்கென விற்கும் எண்ணெய் கிடைக்காவிட்டால், ஓட்டோமற்றிக் கியர் வாகனங்களுக்கு ஊற்றும் எண்ணெய் போதும். எரிந்த மெதனோல் நீரையும் அமிலத்தையும் விட்டுச் செல்கிறது. வாடைக் காற்றின் ஈரமும் அதோடு சேர்ந்தால் உள்ளேயிருக்கும் பெயாரிங்குகள் துருப்பிடிப்பதற்கு வேறொன்றும் தேவையில்லை.

கேள்வி: என் மகன் இந்த எஞ்சின் எரிபொருளைச் சோடாப் போத்தலில் ஊற்றிக் குசினி மேசையில் வைக்கிறான். தாங்கியில் மிஞ்சியதை வாயால் உறிஞ்சி எடுக்கிறான். கேட்டால் மோட்டார் சைக்கிள் திருத்துபவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்கிறான். (ஒரு தாய், திருக்கோவில்)

பதில்: அம்மா, இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். பெற்றோலை வாயால் உறிஞ்சுவதே தீங்கு. மெதனோல் அதனிலும் கொடியது. சிறிதளவு விழுங்கினாலே கண்பார்வையைப் பறிக்கக்கூடியது, உயிரையும் எடுக்கும். உடனே எதுவும் தெரியாமல், பல மணி நேரம் கழித்தே அறிகுறி காட்டுவதால், விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், குடித்தது மெதனோல் என்று சொல்ல வேண்டும். எரிபொருளை எடுக்கவும் ஊற்றவும் கைப்பம்பு பயன்படுத்தட்டும். இறுக மூடுகின்ற, பெயர் எழுதி ஒட்டிய கொள்கலத்தில், சிறுவர்களுக்கு எட்டாத நிழலான இடத்தில், அடுப்பிலிருந்து தொலைவில் இருக்க வேண்டும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. மெதனோல் தண்ணீரில் கலப்பதால் தண்ணீராலேயே அணைக்கலாம். எஞ்சினை ஓட்டும் இடத்தில் ஒரு வாளி நீர் எப்போதும் இருக்கட்டும்.

தம்பி அக்கறைப்படக்கூடிய காரணம் ஒன்றும் உண்டு. மெதனோல் வளியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மூடி தளர்ந்த போத்தலில் சில வாரம் இருந்த எரிபொருளில் எஞ்சின் குறைந்த வேகத்தில் நிலையாக ஓடாது. அவர் அதற்கும் ஊசியைத்தான் திருகிக்கொண்டிருப்பார்.

கேள்வி: மொடல் எரிபொருள் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. பெற்றோலில் எண்ணெய் கலந்து ஊற்றினால் ஓடாதா? (வாசகர், சம்மாந்துறை)

பதில்: ஓடாது. குளோ பிளக்கின் கம்பி பிளாற்றினம் கலந்தது. பற்றரியை எடுத்த பின்னரும் அது சிவந்தே இருப்பது, எரிதலின் சூட்டோடு, மெதனோலுக்கும் பிளாற்றினத்துக்கும் இடையே நிகழும் தாக்கத்தினாலும்தான். பெற்றோலுக்கு அந்த இயல்பு இல்லாததால் அதற்கு மின்பொறி வேண்டும். அளவும் பொருந்தாது. ஒரு கிராம் மெதனோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 6.4 கிராம் வளி போதும்; பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் தேவை. அதிகம் பாய்ச்சுவதற்காகவே செய்த ஊசியைப் பெற்றோலுக்கு நுணுக்கமாக மூடுவது இயலாத காரியம். சிலிக்கோன் குழாயும் பெற்றோலில் ஊதிக் கழன்றுவிடும்.

பெற்றோலில்தான் ஓட்ட வேண்டுமானால், புல்வெட்டும் மெஷினின் எஞ்சினைப் பெரிய படகில் பூட்டுபவர்கள் உண்டு. அதிலுள்ள காபுரேட்டர் வேறுவகை. மெல்லிய சவ்வொன்று எஞ்சினின் அமுக்க மாற்றத்தால் துடித்து எரிபொருளைத் தானே இழுக்கிறது. நெடுநாள் உலரவிட்டால் அந்தச் சவ்வு விறைத்துவிடும். அப்போது ஊசிகளைத் திருகுவதை விட்டு, சவ்வுத் தொகுதியை மாற்றி, உள்ளேயிருக்கும் சிறு வலைவடியைக் கழுவுங்கள்.

கேள்வி: வாழைச்சேனையில் ஓட்டும்போது படகு கவிழ்ந்து, எஞ்சின் உவர்நீரைக் குடித்துவிட்டது. உடனே ஸ்டார்ட்டரைப் போட்டுச் சுற்றலாமா? (வாசகர், வாழைச்சேனை)

பதில்: வேண்டாம். தண்ணீர் நெரிபடாது, பிஸ்டன் ஓடும் உருளைக்குள் நீர் இருக்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளையும். பிளக்கைக் கழற்றி, படகைத் தலைகீழாகப் பிடித்து, கையால் சில்லைச் சுற்றி நீரை வெளியேற்றுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, அதன்பின் எரிபொருள் சிறிது ஊற்றி மீண்டும் சுற்றி வடித்து, புதுப் பிளக் போட்டு, அதே நாளில், முடிந்தால் அதே மணித்தியாலத்தில், சூடேறும்வரை ஓட்டுங்கள். கையால் சுற்றும்போது ஓரிடத்தில் இடறுவது போலத் தெரிந்தால் ஓட்டாமல் பிரித்துப் பார்க்க வேண்டும். கவிழாத நாட்களிலும், குளிரூட்டும் குழாய்க்குள் நல்ல தண்ணீர் பாய்ச்சி உப்பைக் கழுவிய பின்னரே படகை வீட்டுக்குள் எடுங்கள்.

கேள்வி: இங்கே ஒழுங்காக ஓடிய எஞ்சினை விடுமுறைக்கு நுவரெலியாவுக்குக் கொண்டுபோனேன். ஒரே குழறல், புகை. காலநிலை மாறினால் ஊசியையும் மாற்ற வேண்டுமா? (வாசகர், மட்டக்களப்பு நகர்)

பதில்: ஆம், இது ஊசியைத் தொட வேண்டிய இடமேதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள குளிரைக் கணக்கிலெடுத்த பின்னரும், நம் கரையோர வளியுடன் ஒப்பிடும்போது அங்கே ஒரு கன மீற்றரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வளி குறைவு. எரிபொருள் அதே அளவில் வந்தால் கலவை கொழுப்பது இயல்பே; சிறிது சிறிதாக மூடிச் சரிசெய்யலாம். ஊரிலேயே இருந்தாலும், கச்சான் வீசும் வைகாசி, ஆனி மாதத்துச் சூட்டுக்கு ஓரிரு கிளிக் (ஊசியைத் திருகும்போது கேட்கும் சொடுக்கு) மூடவும், மாரிகாலத்துக் குளிர்ந்த காலைக்கு ஓரிரு கிளிக் திறக்கவும் நேரும். மலையிலிருந்து இறங்கி வந்து வாவியில் முதன்முறை விடும்போது, அங்கே மூடியதற்கு மேலும் கால் சுற்றுத் திறந்துவிட்டே எஞ்சினை இயக்குங்கள். அங்குள்ள அளவிலேயே இங்கே முழுவேகத்தில் ஓட்டினால் கலவை மெலிந்து பிஸ்டன் உராய்ந்துவிடும்.